யுரேனியத்தின் பிளவு வேகம் 6.85ஆ, 8.46ஆ? காக்காப்பொன் தகட்டில் ஒரு கணக்கு வழக்கு

யுரேனியம்-238இன் அரைவாழ்வுக் காலம் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) எவ்வளவு என்று தேடினால் 446.8 கோடி ஆண்டு என்று ஓர் எண் கிடைக்கும். பூமியின் வயதுக்கு மிக அருகில் இருப்பதால் பலருக்கு நினைவிலும் நிற்கும் எண் அது. இன்னும் கொஞ்சம் தேடினால் 8,200 லட்சம் கோடி ஆண்டு என்று வேறோர் எண் வந்து நிற்கும். அதே தனிமம், அதே ஐசோடோப்புதான். பழைய புவியியல் கட்டுரைகளைப் புரட்டினால் குழப்பம் மேலும் கூடும். அந்த இரண்டாவது எண்ணையே சிலர் 10,000 லட்சம் கோடிக்கும் மேல் என்று எழுதியிருப்பார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு, "கதிரியக்கச் சிதைவின் வேகமே உறுதியில்லாதது, அதை வைத்துப் பாறைக்கு வயது சொல்வது வெறும் ஊகம்" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதம் ஏன் நிற்காது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு மெல்லிய மைக்கா (காக்காப்பொன்) தகட்டில் யுரேனியத்தின் பிளவுத் துண்டுகள் விட்டுச்செல்லும் தடங்களை எண்ணுவது எவ்வளவு சிரமமான வேலை என்று தெரிந்தால் போதும். யுரேனியம் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சிதைந்துகொண்டிருந்தது. எண்ணியவர்களின் கணக்கில்தான் வித்தியாசம்.

## சிதைவு மாறிலி: வாய்ப்பைச் சொல்லும் எண்

ஒரு குறிப்பிட்ட யுரேனியம் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓர் ஆண்டுக்குள் அது சிதைவதற்கு என்ன வாய்ப்பு என்பதை மட்டும் சொல்லலாம். அந்த வாய்ப்புதான் சிதைவு மாறிலி. 0.693ஐ அந்த மாறிலியால் வகுத்தால் அரைவாழ்வுக் காலம் வந்துவிடும். இரண்டும் ஒரே தகவலின் இரண்டு முகங்கள்.

யுரேனியம்-238க்கு ஆல்பா சிதைவு மாறிலி ஆண்டுக்கு 1.55125 × 10⁻¹⁰. ஆயிரம் கோடி அணுக்களை ஓராண்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றோ இரண்டோ சிதையும் என்று பொருள்.

பாதி சிதையும்வரை காத்திருந்து அளக்க நமக்கு ஆயுள் இல்லை. ஆனால் அணுக்களின் எண்ணிக்கை பிரம்மாண்டமானது என்பதால் காத்திருக்கத் தேவையும் இல்லை. ஒரு கிராம் யுரேனியம்-238இல் 2.53 × 10²¹ அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு நொடியும் சுமார் 12,400 அணுக்கள் ஆல்பா துகளை வெளியேற்றுகின்றன. ஆகவே மாறிலியைக் கண்டுபிடிக்க மூன்று விவரங்கள் போதும்: எத்தனை அணுக்கள் இருந்தன, எவ்வளவு நேரம் பார்த்தோம், அந்த நேரத்தில் எத்தனை சிதைந்தன.

முதல் இரண்டும் தராசும் கடிகாரமும் சொல்லிவிடும். வழக்கெல்லாம் மூன்றாவதில்தான்.

## ஒரே அணு, இரண்டு வழிகள்

யுரேனியம்-238 அழிவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஆல்பா சிதைவில், அணுக்கரு ஒரு ஹீலியம் கருவை உமிழ்ந்து தோரியம்-234ஆக மாறுகிறது. அந்த ஆல்பா துகளின் ஆற்றல் சுமார் 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்.

தன்னிச்சைப் பிளவில், யாரும் நியூட்ரானால் அடிக்காமலே கரு தானாக இரண்டு பெரிய துண்டுகளாக உடைகிறது. இரு துண்டுகளும் சேர்ந்து சுமார் 170 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன.

இரண்டாவது வழி மிக அரிது. ஏறக்குறைய 18 லட்சம் ஆல்பா சிதைவுகளுக்கு ஒரு பிளவுதான் நடக்கும். ஓர் ஊரைவிட்டுப் போகிறவர்களில் 18 லட்சம் பேர் பஸ்ஸில் போக, ஒரே ஒருவர் விமானத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பதை பஸ்தான் தீர்மானிக்கும். 446.8 கோடி ஆண்டு என்பது அந்த பஸ் கணக்கு. 8,200 லட்சம் கோடி ஆண்டு என்பது பஸ்ஸே ஓடாமல், எல்லோரும் விமானத்தில் மட்டுமே போவதாக இருந்தால் பாதி ஊர் காலியாக எவ்வளவு காலம் ஆகும் என்ற கணக்கு. இதைப் பகுதி அரைவாழ்வுக் காலம் என்பார்கள். ஆக முதல் குழப்பம் குழப்பமே இல்லை. இரண்டு எண்களும் சரி, அவை இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள்.

ஒரு கிராம் யுரேனியத்தில் நொடிக்கு 12,400 ஆல்பா வெளிவரும் நேரத்தில் பிளவு எத்தனை? மணிக்கு 25 கூட இல்லை. இவ்வளவு அரிதான நிகழ்வை 1940இல் லெனின்கிராடைச் சேர்ந்த ஃப்ளியோரவும் பெத்ர்ஷாக்கும் அயனிக் கலத்தில் (துகள் பாய்வதை மின்துடிப்பாகக் காட்டும் கருவியில்) பிடித்தார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்தான் யுரேனியத்தைப் பிளக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு போய் மாஸ்கோவின் தினமோ மெட்ரோ நிலையத்தில், பூமிக்கடியில் வைத்துச் சோதித்தார்கள். பிளவு அங்கேயும் நடந்தது.

குழப்பத்தின் இரண்டாவது பகுதி, அதாவது இந்தப் பிளவு எண் ஏன் ஆளுக்கு ஆள் மாறியது என்பதுதான் உண்மையான சிக்கல். அதற்குத் தடங்களைப் பற்றித் தெரிந்தாக வேண்டும்.

## தடம் என்பது என்ன

பிளவுத் துண்டு ஒன்று மைக்கா போன்ற மின்கடத்தாப் பொருளுக்குள் பாய்ந்தால், போகும் வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களைப் பிய்த்துக்கொண்டே போகும். அந்த வழி நெடுக நேர்மின்னேற்றம் பெற்ற அயனிகள் மட்டும் மிஞ்சும். ஒரே மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலில் படிக அமைப்பு குலைந்து, சில நானோமீட்டர் அகலமும் சுமார் 10 மைக்ரான் நீளமும் உள்ள ஒரு சிதைந்த கோடு உருவாகிறது. உலோகத்தில் இது நடக்காது. அங்கே எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடிவந்து காயத்தை உடனே ஆற்றிவிடும்.

சில நானோமீட்டர் அகலமுள்ள கோட்டைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. அதற்குக் கைகொடுப்பது அரிப்பு. காயம்பட்ட இடத்தை அமிலம் மற்ற இடத்தைவிட வேகமாகத் தின்னும். மைக்காவை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால், அந்தக் கோடு மைக்ரான் அளவுக் குழியாக விரிந்து கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் என்றால் அமிலத்துக்குப் பதில் காஸ்டிக் சோடா.

இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் 1958இல் யங், லித்தியம் ஃப்ளூரைடு படிகத்தில் இப்படி அரித்துக் குழிகளைக் காட்டினார். அடுத்த ஆண்டே அதே ஆய்வகத்தில் சில்க்கும் பார்ன்ஸும் மைக்காவில் அரிக்காத தடத்தையே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். இதை ஒரு முழு அறிவியல் துறையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவில் ஸ்கெனெக்டடியில் உள்ள ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் ஃப்ளைஷர், பிரைஸ், வாக்கர் மூவரும்.

மைக்காவைத் தமிழில் அபிரகம் என்போம். ஊர்ப்பக்கத்தில் காக்காப்பொன். மண்ணில் மின்னும் அந்தத் தாள் தாளான பொருளுக்கு இந்த வேலையில் ஓர் அபூர்வமான தகுதி உண்டு. ஆல்பா துகள் அதன் கண்ணில் படாது.

## எந்த உணர்வி எதைப் பார்க்கும்

தடத்தைப் பதிந்துகொள்ளும் பொருள்தான் உணர்வி. அதில் தடம் உருவாக, துகள் தன் வழியில் ஒரு குறைந்தபட்ச அளவாவது சேதம் செய்ய வேண்டும். அந்த வரம்பு பொருளுக்குப் பொருள் மாறும்.

மைக்காவின் வரம்பு மிக உயரம். ஆல்பா எத்தனை கோடி விழுந்தாலும் அதில் தடம் பதியாது, பிளவுத் துண்டு ஒன்று விழுந்தால் பதிந்துவிடும். 18 லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒளிந்திருக்கும் நிகழ்வை எண்ண வேண்டிய இடத்தில் இதைவிட நல்ல வடிகட்டி கிடைக்காது. மின்னணு எண்ணிகளில் ஆல்பா துடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பிளவைப்போல வேஷம் போடும் அபாயம் உண்டு. மைக்காவில் அது கிடையாது. மின்சாரமும் வேண்டாம், மாதக்கணக்கில் அலமாரியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

சிஆர்-39 பிளாஸ்டிக் இதற்கு நேர் எதிர். மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் அதே பிளாஸ்டிக்தான். 1978இல் கார்ட்ரைட், ஷர்க், பிரைஸ் மூவரும் இது ஆல்பாவையும் அதைவிட லேசான துகள்களையும் பதிவுசெய்யும் என்று காட்டினார்கள். எல்ஆர்-115 என்ற சிவப்பு நிறச் செல்லுலோஸ் நைட்ரேட் படலமும் ஆல்பாவுக்கானது. இந்தியாவில் வீடுகளுக்குள் ரேடான் வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, சின்ன டப்பிக்குள் வைத்துச் சுவரில் மாட்டிவிட்டு வருகிற படலம் பெரும்பாலும் இதுதான்.

லெக்ஸான், மேக்ரோஃபால் முதலிய பாலிகார்பனேட் தகடுகளும் பிளவுத் துண்டுகளை எண்ணப் பயன்படுகின்றன. கண்ணாடியும், அபடைட், ஸிர்கான் ஆகிய கனிமங்களும் இன்னொரு வகை: தங்களுக்குள்ளேயே யுரேனியத்தை வைத்துக்கொண்டு, தங்கள் மேலேயே தடங்களைப் பதிந்துகொள்கிறவை. அவை உணர்வியும் மாதிரியும் ஒருசேர.

## ஒரு தகட்டில் எத்தனை தடம் விழும்

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் வேலையின் அளவு புரியும். தூய யுரேனியம் உலோகத் தகட்டின் மேல் மைக்காவை ஒட்டி வைத்து ஓராண்டு விட்டுவிடுவதாக வைத்துக்கொள்வோம்.

1. ஒரு கிராம் யுரேனியத்தில் ஆண்டுக்குச் சுமார் 2.15 லட்சம் பிளவுகள். யுரேனியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19 கிராம். ஆக ஒரு கன சென்டிமீட்டரில் ஆண்டுக்கு 41 லட்சம் பிளவுகள்.

2. ஆனால் ஆழத்தில் நடக்கும் பிளவுகளின் துண்டுகள் மேலே வராது, யுரேனியத்துக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே வர வாய்ப்புள்ளது மேற்பரப்பிலிருந்து சுமார் 5 மைக்ரான் கனத்துக்குள் நடப்பவை மட்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு அந்த அடுக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,050 பிளவுகள், அதாவது 4,100 துண்டுகள்.

3. துண்டுகள் எல்லாத் திசையிலும் பறக்கும். பாதி கீழ்நோக்கிப் போய்விடும். மேல்நோக்கி வருபவற்றிலும் பல, சாய்வாக வந்து வழியிலேயே நின்றுவிடும். மொத்தத்தில் கால்வாசிதான் மைக்காவை எட்டும்.

4. விடை: ஒரு சதுர சென்டிமீட்டரில், ஓராண்டில், சுமார் 1,000 தடங்கள்.

அதே ஓராண்டில் அதே பரப்பின் வழியாக நூற்றுக்கணக்கான கோடி ஆல்பா துகள்கள் போயிருக்கும். மைக்காவில் அவற்றுக்குச் சுவடே இருக்காது.

ஆயிரம் தடம் என்றால் தற்செயல் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 32. மூன்று சதவீதப் பிழை. பரப்பைப் பத்து மடங்கு கூட்டினால் ஒரு சதவீதத்துக்கே கொண்டுவந்துவிடலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்து வரும் வழக்கில் வித்தியாசம் 23 சதவீதம். அதிர்ஷ்டத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்க முடியாத அளவு அது.

## இரண்டு முகாம்கள்

பிளவு மாறிலிக்கு வெளியான எண்களில் முக்கியமானவை இவை (எல்லாம் ஆண்டுக்கு, 10⁻¹⁷ என்ற அளவில்):

1. 1964: ஃப்ளைஷர், பிரைஸ், தட முறையில் 6.85 ± 0.20.
2. 1967: ஸ்படவெக்கியா, ஹான், சுழலும் குமிழிக் கலத்தில் 8.42 ± 0.10.
3. 1968: ராபர்ட்ஸ், கோல்டு, அர்மானி, தட முறையில் 7.03 ± 0.11.
4. 1970: கல்லிக்கர், ஹூகென்டோப்லர், ஹான், மீண்டும் சுழலும் குமிழிக் கலத்தில் 8.46 ± 0.06.

தட முறைக்காரர்கள் 7ஐச் சுற்றி நின்றார்கள், குமிழிக் கலக்காரர்கள் 8.4ஐச் சுற்றி. ஒவ்வொருவரும் தங்கள் பிழை மூன்று சதவீதத்துக்குள்தான் என்றார்கள். எல்லோரும் சொன்னது உண்மையாக இருந்தால் 6.85க்கும் 8.46க்கும் இடையிலான தூரம், இருவரின் பிழையையும் சேர்த்ததைப்போல ஏழு எட்டு மடங்கு. அப்படியானால் யாரோ ஒருவரின் முறையிலேயே, அவர் கணக்கில் எடுக்காத ஒரு சாய்வு இருந்தாக வேண்டும்.

குமிழிக் கலத்தின் பலம் எளிமை. யுரேனிய உப்பைக் கரைத்த திரவத்தை ஒரு குழாயில் வைத்துச் சுழற்றுவார்கள். சுழற்சியால் திரவம் இழுபட்டு, லேசாகச் சீண்டினாலே குமிழி விடும் நிலையில் நிற்கும். உள்ளே ஒரு பிளவு நடந்தால் குமிழி வெடிக்கும், ஆல்பா வந்தால் வெடிக்காதபடி வேகத்தை அமைத்துக்கொள்ளலாம். யுரேனியம் திரவத்துக்குள்ளேயே கரைந்திருப்பதால், துண்டு எந்தத் திசையில் போனாலும் எண்ணிக்கையிலிருந்து தப்பாது. "கால்வாசிதான் எட்டும்" என்ற திருத்தமே இங்கே தேவைப்படாது.

தட முறையில் திருத்தங்கள் பல. அங்கேதான் தேட வேண்டும்.

## எங்கே பிசகியிருக்கும்

1. சாய்வான தடங்கள். அமிலம் தடத்தின் வழியே வேகமாக இறங்கும் அதே நேரத்தில் மேற்பரப்பையும் மெல்லத் தின்னும். மிகச் சாய்வாக விழுந்த தடம் குழியாக விரியும் முன்பே மேற்பரப்பு கரைந்து தடமும் காணாமல் போய்விடும். எந்தக் கோணத்துக்குக் கீழே விழுந்தால் தடம் மிஞ்சாது என்பதை மாறுநிலைக் கோணம் என்பார்கள். மைக்காவில் இது நான்கைந்து டிகிரிதான், இழப்பு குறைவு. கண்ணாடிகளில் இது பல நேரம் 30 டிகிரியைத் தாண்டும். மெல்லிய யுரேனியப் பூச்சின் மேல் அப்படியொரு கண்ணாடியை வைத்தால் பாதித் தடங்கள் கண்ணுக்கே வராது.

2. யுரேனியப் பரப்பு. யுரேனியம் உலோகம் காற்றில் சும்மா இருக்காது, கறுத்து ஆக்ஸைடு பிடிக்கும். அந்த அடுக்கு எவ்வளவு கனம், துண்டுகளை எவ்வளவு தடுக்கிறது என்பது துல்லியமாகத் தெரியாவிட்டால் அந்த "5 மைக்ரான்" ஆட்டம் காணும்.

3. எண்ணும் கண். இது தடமா, கீறலா, படிகத்தில் முன்பே இருந்த குறையா? ஒருவர் தடம் என்று எண்ணுவதை இன்னொருவர் விட்டுவிடுவார். கேட்கச் சிறிய விஷயம்போல இருக்கும். பின்னால் இந்தத் துறையின் விதியையே இது மாற்றப்போகிறது.

4. மங்கிப்போகும் தடங்கள். சூடு பட்டால் தடம் ஆறிவிடும். அபடைட்டில் 60 முதல் 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே, கோடிக்கணக்கான ஆண்டுகளில் தடங்கள் சுருங்கி மறையத் தொடங்கும். வேறு முறையில் வயது தெரிந்த ஒரு கனிமத்தை எடுத்து, அதில் இருக்கும் தடங்களை எண்ணிப் பின்னோக்கிப் பிளவு மாறிலியைக் கணக்கிடுவது ஒரு வழி. கனிமம் எப்போதாவது சூடாகிச் சில தடங்களை இழந்திருந்தால், யுரேனியம் உண்மையில் பிளந்ததைவிடக் குறைவாகப் பிளந்ததாகத் தோன்றும். பிசகு எப்போதும் ஒரே பக்கம்தான், குறைத்துக் காட்டும் பக்கம்.

5. நியூட்ரான் கணக்கு. என் பார்வையில் வழக்கின் மையம் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

## கடனை அடைக்க இன்னொரு கடன்

மேலே சொன்ன முதல் மூன்று சிக்கல்களையும் ஒரே அடியில் ஒழிக்க ஒரு தந்திரம் உண்டு. மிக அழகான தந்திரம்.

இயற்கை யுரேனியத்தில் 0.72 சதவீதம் யுரேனியம்-235. மெதுவான நியூட்ரான்கள் பட்டால் இது பிளக்கும். எனவே:

1. யுரேனியத் தகட்டின் மேல் மைக்காவை வைத்துப் பல மாதம் காத்திருங்கள். தானாக நடந்த பிளவுகளின் தடங்களை எண்ணுங்கள்.
2. அதே தகட்டின் மேல் அதே வகை மைக்காவில் புதிய துண்டை வைத்து அணு உலைக்குள் கொஞ்ச நேரம் அனுப்புங்கள். நியூட்ரானால் தூண்டப்பட்ட பிளவுகளின் தடங்களை எண்ணுங்கள்.
3. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறையும் அதே பரப்பு, அதே அமிலம், அதே கோணம், அதே கண். துண்டுகள் எவ்வளவு தூரம் போகும், எத்தனை தப்பும் என்பதெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது மூன்றே விவரங்கள்: இரு ஐசோடோப்புகளின் விகிதம், யுரேனியம்-235இன் பிளவுக் குறுக்குப்பரப்பு (நியூட்ரான் பட்டால் பிளக்கும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் எண்), மாதிரியின் மேல் பட்ட நியூட்ரான்களின் எண்ணிக்கை.

முதலாவது நன்றாகத் தெரியும். இரண்டாவது, வெப்ப நியூட்ரான்கள் எனப்படும் மெதுவான நியூட்ரான்களுக்குச் சுமார் 585 பார்ன். ஒரு பார்ன் என்பது 10⁻²⁴ சதுர சென்டிமீட்டர். இதுவும் தெரிந்த எண்தான், நியூட்ரான்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வந்தால். அணு உலைக்குள் அப்படி வருவதில்லை. மெதுவானவற்றோடு வேகமானவையும் கலந்தே இருக்கும். உலையின் எந்த மூலையில் மாதிரியை வைத்தோம் என்பதைப் பொறுத்து அந்தக் கலவையும் மாறும்.

மூன்றாவது எண்ணைப் பெற, மாதிரியோடு ஒரு தங்கத் தகட்டையோ கோபால்ட் கம்பியையோ செம்புத் தகட்டையோ சேர்த்து அனுப்புவார்கள். நியூட்ரான் பட்டு அது கதிரியக்கம் பெறும். அந்தக் கதிரியக்கத்தை அளந்து எத்தனை நியூட்ரான் வந்தது என்று கணக்கிடுவார்கள். இங்கேதான் வினை. ஒரே இடத்தில் வைத்த தங்கமும் செம்பும் ஒரே எண்ணைச் சொல்லவில்லை. எந்த உலோகத்தை நம்பினோம், வேகமான நியூட்ரான்களுக்கு எந்தத் திருத்தம் போட்டோம் என்பதைப் பொறுத்து நியூட்ரான் எண்ணிக்கை ஆய்வகத்துக்கு ஆய்வகம் நகர்ந்தது. தடங்களின் கோணத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்கப் போய், நியூட்ரானைப் பற்றிய சந்தேகத்தை வாங்கிக்கொண்டார்கள். கந்துவட்டிக் கடனை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்கியதுபோல.

## இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு சரி

இப்போது விளைவுக்கு வருவோம். பிளவு மாறிலி யாருக்குத் தேவை? பாறைகளுக்குப் பிளவுத் தட முறையில் வயது சொல்கிறவர்களுக்கு. இந்தியாவிலும் 1970களில் குருக்ஷேத்ரா பல்கலைக்கழகத்தில் இந்தியக் கனிமங்களை வைத்து இந்த ஆய்வுகள் விரிவாக நடந்தன.

முறை இதேதான். கனிமத்தில் இயற்கையாக விழுந்த தடங்களை எண்ண வேண்டும், உலையில் தூண்டிய தடங்களை எண்ண வேண்டும், விகிதம் எடுக்க வேண்டும். ரொம்பப் பழசாக இல்லாத பாறைக்கு வயதின் சூத்திரத்தைச் சொல்லில் எழுதினால் இப்படி: இயற்கைத் தடம் வகுத்தல் தூண்டிய தடம், அதைப் பெருக்கல் நியூட்ரான் எண்ணிக்கை, அதை வகுத்தல் பிளவு மாறிலி. கூடவே சில நிலையான எண்கள்.

பிளவு மாறிலி கீழே இருப்பதைக் கவனியுங்கள். 8.46 என்று போட்டால் 8.1 கோடி ஆண்டு வரும் பாறைக்கு, 6.85 என்று போட்டால் 10 கோடி ஆண்டு வரும். டைனோசர் காலத்துப் பாறை என்றால் இரண்டு கோடி ஆண்டு வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் நியூட்ரான் எண்ணிக்கை மேலே இருக்கிறது. ஓர் ஆய்வகம் நியூட்ரானை 19 சதவீதம் குறைவாக மதிப்பிட்டு, கூடவே பிளவு மாறிலியாக 6.85ஐயும் பயன்படுத்தினால், இரண்டு பிழையும் ஒன்றையொன்று தின்றுவிடும். வயது மிகச் சரியாக வரும்! இன்னோர் ஆய்வகம் நியூட்ரானைச் சரியாக அளந்து 8.46ஐப் பயன்படுத்தும். அதற்கும் வயது சரியாக வரும். வயது தெரிந்த பாறைகளில் சோதித்துப் பார்த்து இரு தரப்பும் "எங்கள் எண்தான் சரி" என்று நம்பினால் அதில் ஆச்சரியமில்லை. வழக்கு ஏன் இருபது ஆண்டு இழுத்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

## வழக்கை ஒத்திவைத்த சமரசம்: ஸீட்டா

1980களின் தொடக்கத்தில் ஹர்ஃபோர்டும் கிரீனும் ஒரு நடைமுறைத் தீர்வை முன்வைத்தார்கள். பிளவு மாறிலியும் நியூட்ரான் எண்ணிக்கையும் தனித்தனியாக எதற்கு? வயதைக் கணக்கிட இரண்டின் விகிதம் மட்டும்தான் தேவை. அந்த விகிதத்தோடு மற்ற நிலையான எண்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஸீட்டா என்று பெயரிடுவோம். வேறு முறைகளில் வயது உறுதியான பாறைகளை வைத்து அந்த மூட்டையின் எடையை மட்டும் கண்டுபிடிப்போம்.

அப்படிப் பயன்பட்டவற்றில் பெயர்பெற்றவை, அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள சுமார் 2.8 கோடி ஆண்டுப் பழைய ஃபிஷ் கேன்யன் எரிமலைச் சாம்பல் பாறையும், மெக்சிகோவின் துராங்கோவில் கிடைக்கும் சுமார் 3.14 கோடி ஆண்டுப் பழைய அபடைட்டும். தங்கத் தகட்டுக்குப் பதிலாக, யுரேனிய அளவு தெரிந்த ஒரு கண்ணாடித் துண்டை மாதிரிகளோடு உலைக்கு அனுப்புவார்கள். 1990இல் சர்வதேசப் புவியியல் ஒன்றியத்தின் பரிந்துரையும் இந்த முறைக்குக் கிடைத்தது.

இதில் ரசிக்கத்தக்க ஒன்று: ஸீட்டா ஆய்வகத்துக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு ஒன்று. சிஎன்5 என்ற கண்ணாடியோடு அபடைட்டை எண்ணுகிறவர்களுக்கு அது 350க்கு அருகில் வரும். ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மைக்ரோஸ்கோப்பில் எண்ணும் இருவருக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எது தடம், எது தடமில்லை என்று முடிவெடுக்கும் அந்தக் கண்ணின் பழக்கமும் மூட்டைக்குள் சேர்ந்துவிடுகிறது.

வயது கணிப்பவர்களுக்கு இது போதும். இயற்பியல்காரர்களுக்குப் போதாது. ஸீட்டா பிளவு மாறிலியை அளக்கவில்லை, அதை அளக்க வேண்டிய அவசியத்தைத் தள்ளிப்போட்டது. கேள்வியைக் கம்பளத்துக்கடியில் பெருக்கித் தள்ளிய சமரசம் என்றே அதைச் சொல்வேன். பயனுள்ள சமரசம்தான்.

## நியூட்ரானே இல்லாமல்

உலைக்குப் போகாமலே அளக்க முடியுமா? இரண்டு வழிகள் கையாளப்பட்டன.

ஒன்று, தயாரித்த ஆண்டு தெரிந்த யுரேனியக் கண்ணாடி. 19ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவில் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும் யுரேனியக் கண்ணாடிப் பாத்திரங்கள் பெருமளவில் செய்யப்பட்டன. ஒரு சதவீதம் யுரேனியம் கலந்த நூறாண்டுக் கண்ணாடியை வெட்டி மெருகேற்றி அரித்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சில நூறு தடங்கள் கிடைக்கும். அறை வெப்பத்திலேயே இருந்ததால் மங்கிய பயமும் குறைவு. இவ்வகைக் கண்ணாடிகளை வைத்து 1975இல் வாக்னர் குழுவினர் 8.7 ± 0.6 என்ற எண்ணைப் பெற்றார்கள். பிழை அகலம்தான், ஆனால் அது எந்த முகாமின் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

இன்னொன்று இன்னும் நேர்த்தியானது. பிரேசிலில் காம்பினாஸ் நகரத்துக் குழு 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கையாண்ட வழி அது. மெல்லிய யுரேனியப் படலத்தின் மேல் சிஆர்-39ஐ வைத்தால், யுரேனியம் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆல்பா தடங்களே சொல்லிவிடும். ஆல்பா மாறிலி நமக்கு மிகத் துல்லியமாகத் தெரியும் அல்லவா? அதே படலத்தின் பிளவுத் தடங்களையும் எண்ணினால், இரண்டின் விகிதத்திலிருந்து பிளவு மாறிலி நேராக வந்துவிடும். உலையும் வேண்டாம், தங்கத் தகடும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-234ம் மிகச் சிறிதளவு இருக்கிறது. அளவு சிறிதானாலும் அதன் ஆல்பா எண்ணிக்கை யுரேனியம்-238இன் எண்ணிக்கைக்குச் சமம். இதை மறந்து எண்ணினால் விடை ஏறக்குறைய இரண்டு மடங்கு பிசகும்.

காம்பினாஸ் குழுவுக்குக் கிடைத்த விடையும் 8.4ஐ ஒட்டியே நின்றது. தட முறையிலேயே அளந்து, தட முறையின் பழைய எண்ணைக் கைவிட வேண்டிவந்தது. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான சர்வதேச ஒன்றியத்துக்காக ஹோல்டனும் ஹாஃப்மனும் 2000இல் தொகுத்த மதிப்பீட்டில் பிளவுக்கான அரைவாழ்வு 8.2 × 10¹⁵ ஆண்டு என்று வந்தது. மாறிலியாகச் சொன்னால் 8.45 × 10⁻¹⁷.

## அப்படியானால் பூமியின் வயது?

பூமிக்கும் விண்கற்களுக்கும் 450 கோடி ஆண்டு சொல்லும் கணக்குகள் பிளவு மாறிலியைத் தொடுவதே இல்லை. அவை யுரேனியம் ஈயமாக மாறும் ஆல்பா வழியை நம்புபவை. அந்த மாறிலியை 1971இல் ஆர்கான் ஆய்வகத்தில் ஜாஃபி குழுவினர், எடை தெரிந்த மெல்லிய யுரேனியப் பூச்சுகளை வாயு எண்ணிகளில் வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுத் துல்லியத்தில் அளந்தார்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரும் நிகழ்வை எண்ணுவதும், ஆண்டுக்கு ஆயிரம் வரும் நிகழ்வை எண்ணுவதும் ஒரே தரத்து வேலைகள் அல்ல. யுரேனியம்-235 வேறு வேகத்தில், ஈயத்தின் வேறோர் ஐசோடோப்பாக மாறுகிறது. இரண்டு கடிகாரமும் ஒரே ஸிர்கானுக்குள் ஓடி ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று தனியே சரிபார்க்கவும் முடியும்.

பிளவுத் தட வயதுகள் மட்டும் கவனமாகப் படிக்க வேண்டியவை. 1970களின் கட்டுரை ஒன்றில் பாறையின் வயது 50 கோடி ஆண்டு என்றும், பயன்படுத்திய மாறிலி 6.85 என்றும் இருந்தால், உடனே அதை 8.46க்கு மாற்றி 41 கோடி என்று திருத்திவிடத் தோன்றும். அதற்கு முன் நியூட்ரானை எப்படி எண்ணினார்கள் என்ற பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். தங்கத்தையோ கோபால்ட்டையோ வைத்துத் தனியே, சரியாக அளந்திருந்தால் திருத்தம் நியாயம். வயது தெரிந்த ஒரு பாறையோடு ஒப்பிட்டு, விடை பொருந்தும்வரை நியூட்ரான் எண்ணைச் சரிசெய்திருந்தால் அந்த 50 கோடியைத் தொடக் கூடாது, 6.85 தவறான எண்ணாகவே இருந்தாலும்.